ஆறாத பருப்புக் கடைசல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருடம் மாசி மாதம், கடத்தூர் புளி வியாபாரி அப்துல் ஷுக்கூர் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு தூக்குப்போசி பருப்புக் கடைசல், எண்பத்தொன்பது ஐப்பசி வரைக்கும் ஆறவில்லை. அடுப்பில் ஏற்றி வைத்ததல்ல. சமையல்கட்டு மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் கிடந்தது. மூடியைத் திறந்தால் ஆவி அடிக்கும், பூண்டு மணக்கும். கெட்டும் போகவில்லை. அது வந்த வருடம் மழை பொய்த்து ஊரில் பாதிக் கிணறுகள் வற்றிக் கிடந்தன, புளி மட்டும் கொத்துக்கொத்தாகக் காய்த்திருந்தது. அதனால் ஜனங்களுக்குப் பேச வேறு விஷயங்கள் இருந்தன. தவிர, ஆறாத சாப்பாடு என்பது கடத்தூருக்கு அப்போது புதிதும் இல்லை.

சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகையில் ராஜமேரி என்பவள் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சமையல் வகுப்பு நடத்தி வந்தாள். கணவனுக்கு வேலை மாற்றலாகி வந்தவள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பிள்ளைக்கு ஒரு விறகும் ஒரு பிடி கேழ்வரகு மாவும் கொண்டு வந்தால் போதும், ஆணும் பெண்ணும் சேர்ந்தே அடுப்பூத வேண்டும். ஆம்பளைப் பிள்ளைக்குக் கரண்டி எதற்கு என்று முதலில் முணுமுணுத்தவர்கள், பிள்ளை வீட்டுக்கு வந்து கட்டி தட்டாமல் களி கிண்டியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். கீரை ஆய்வது, உலை கொதிப்பதைக் காதால் அறிவது எல்லாம் எல்லோரும் சொல்லித் தருவதுதான். ராஜமேரி கூடுதலாகச் சொன்னது ஒன்றே ஒன்று. அடுப்பைப் பற்றவைக்குமுன் மனதுக்குள் ஒரு ஆளை நிறுத்திக்கொள்ள வேண்டும், அந்த ஆளுக்கு எது பிடிக்கும், எது ஆகாது, பல் இருக்கிறதா இல்லையா என்று யோசித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். அப்படிச் செய்த சாப்பாடு அந்த ஆள் ஒரு வாயாவது தின்னும்வரை ஆறாது. மற்றவர்கள் எத்தனை பேர் அள்ளித் தின்றாலும் அது கணக்கில் சேராது.

இதனால் ஊருக்கு நடந்த நல்லதைச் சும்மா சொல்லக் கூடாது. கீரையைக் கண்டாலே ஓடிய பிள்ளைகள், தானே ஆய்ந்து கடைந்த கீரை என்றதும் சட்டியை வழித்துத் தின்றன. வகுத்தல் கணக்கில் கோட்டைவிட்ட பிள்ளைகள் ஒன்பது பேருக்குக் களி உருண்டை பிடித்துப் பழகித் தேறின. லாரி ஓட்டும் மாயவன் லோடு இறக்கிய ஊரிலேயே இரண்டு நாள் கிடந்து குடித்துவிட்டு வருகிறவன். மகன் வைத்த கொள்ளு ரசம் தனக்காகக் கொதித்துக்கொண்டே இருக்கிறது என்று தெரிந்தபிறகு வண்டியை நேரே வீட்டுக்கு விரட்ட ஆரம்பித்தான். முனியம்மாளும் அவள் நாத்தனார் பாஞ்சாலியும் ஒரு சுவர்த் தகராறில் வருடக்கணக்காகப் பேச்சில்லாமல் இருந்தவர்கள். முனியம்மாளின் மகள் அத்தையை நினைத்துக்கொண்டு ஒரு சட்டி சுண்டல் செய்து அந்தச் சுவர்மேல் வைத்துவிட்டாள். சட்டி சூட்டில் மண்சுவரே பொரிந்து உதிர ஆரம்பித்ததும் பாஞ்சாலி வேறு வழியில்லாமல் எட்டிக் கைநீட்டினாள். அதோடு பேச்சு வந்துவிட்டது.

இதையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் ஷுக்கூரின் மனைவி ரஹமத் பீவி தன் மகள் வஹிதாவை வகுப்புக்கு அனுப்பினாள். வஹிதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ரஹமத் பீவிக்குக் கை நிறைய வேலை. கணவன், அப்துல் சுபான், நூர் பாஷா என்று இரண்டு வளர்ந்த மகன்கள், புளிக் காலமானால் வாசல் நிறையக் கொட்டை தட்டும் பெண்கள். ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வேலைக்காரர்கள் சாப்பிட்டு, அப்புறம் அவள். அதிலும் அவளுக்கு ஒரு முறை உண்டு. எது கெட்டுப்போகுமோ அதை முதலில் தின்று தீர்க்க வேண்டும். நேற்றைய சோறு, அடிப்பிடித்த களி, யாரும் தொடாத குழம்பின் மண்டி. கெடாதது நாளைக்கு ஆகும். சாயங்கால பாங்கு சொல்லும் நேரத்துக்குத்தான் தட்டின் முன் உட்காருவாள், உட்கார்ந்ததும் நெஞ்சுக்குழியில் எரியும். வலது கை முஷ்டியை விலா எலும்புக்குக் கீழே அழுத்திக்கொண்டு இடது கையால் சோடா உப்பைத் தண்ணீரில் கலக்குவாள். அந்த வீட்டில் கீரைக்கும் புளி, பருப்புக்கும் புளி, ரசத்துக்குச் சொல்லவே வேண்டாம். அவள் முஷ்டியை அழுத்துவதை வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. வஹிதா பார்த்திருந்தாள்.

அந்த மாசி மாதச் சனிக்கிழமை வஹிதா புளியும் மிளகாயும் இல்லாமல் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, பூண்டும் சீரகமும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுக் கடைந்து, தூக்குப்போசியைத் துணியால் பிடித்துக்கொண்டு நேரே சமையல்கட்டுக்கு வந்தாள்.

"மா, இதைச் சாப்புடு."

"மொதல்ல அத்தாவுக்கு வை. நான் அப்பறம் சாப்புட்டுக்கறேன்."

"நீ சாப்புடுமா."

"அப்பறம்னு சொல்றனில்ல?"

ஷுக்கூர் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு வீடே கேட்கச் சிரித்தார். "என்னாடி வஹிதா, புளி விக்கறவன் வூட்ல புளி இல்லாம கடைஞ்சிருக்கற? மொளகாயும் காணோம். யாராச்சும் பத்தியக்காரனுக்கு செஞ்சியா?"

"கொழந்தைதானுங்க, மறந்துட்டிருப்பா" என்று ரஹமத் பீவி மகளுக்குப் பரிந்து பேசினாள். வஹிதா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசல் ஆறவில்லை. ஷுக்கூருக்குச் செய்ததல்ல என்று தெரிந்தது. சுபானுக்கு ஒரு கரண்டி, பாஷாவுக்கு ஒரு கரண்டி, கொட்டை தட்டும் பெண்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம். எல்லோரும் உப்புச் சப்பில்லை என்று தள்ளி வைத்தார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கும் ரஹமத் பீவி கொடுத்துப் பார்த்தாள். போசி சுட்டுக்கொண்டுதான் இருந்தது. "யாருக்குடி செஞ்ச?" என்று மகளிடமே கேட்டாள். "நீ சாப்புட்டுப் பாரு, தெரியும்" என்றாள் வஹிதா. ரஹமத் பீவிக்கு அன்று முந்தின நாள் சோறு மிச்சம் இருந்தது, மறுநாள் கூழ் மிச்சம் இருந்தது. கடைசலோ எத்தனை நாளானாலும் கெடாதது. கெடாததற்கு என்ன அவசரம்? பங்குனி முழுக்க வஹிதா தினமும் கேட்டாள். சித்திரையில் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அது தனக்காகச் செய்ததாக இருக்கலாம் என்று ரஹமத் பீவிக்கு ஒருநாளும் தோன்றவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று யாரும் ஒரு கைப்பிடி அரிசி உலையில் இட்டதில்லை, தோன்றுவதற்கு என்ன இருக்கிறது? அவளைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

வருடங்கள் போயின. இருக்கிற சூட்டை வீணாக்குகிறவள் அல்ல ரஹமத் பீவி. போசியின் மேல் ஷுக்கூரின் சவரத் தண்ணீரைக் காயவைத்தாள், அடைமழைக் காலத்தில் அதைச் சுற்றிப் புளியைப் பரப்பினாள், ஒருமுறை தாய் செத்த கோழிக்குஞ்சுகளை அதன் பக்கத்தில் வைத்தே தேற்றினாள். எண்பத்தைந்தில் ராஜமேரியின் கணவனுக்கு மறுபடி மாற்றல் வந்தது. கொட்டகை உர மூட்டை அடுக்கும் இடமாயிற்று. வஹிதா வீட்டில் வாய்க்கு ருசியாகத்தான் சமைத்தாள், எல்லாம் சாதாரணமாக ஆறிப்போகிற சமையல். எண்பத்தொன்பது வைகாசியில் அவளை ஓசூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல குடும்பம், ஆள் பலம் அதிகம்.

ஐப்பசியில் ரஹமத் பீவி மகளைப் பார்க்கப் போனாள். மகள் பம்பரமாய்ச் சுழன்று எல்லோருக்கும் பரிமாறினாள். மாமனார் எழுந்தார், கொழுந்தனார்கள் எழுந்தார்கள், கடைப் பையன்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். பொழுது சாய ஆரம்பித்துவிட்டது.

"நீ சாப்புடலையா கண்ணு?"

"அப்பறம் சாப்புட்டுக்கறேன்மா. நேத்து சோறு கெடக்குது, அத மொதல்ல தீக்கணும்."

சொல்லிக்கொண்டே வஹிதா வலது கை முஷ்டியை விலாவுக்குக் கீழே அழுத்திக்கொண்டு, இடது கையால் டம்ளரில் சோடா உப்பைக் கலக்கினாள். புளி இல்லாத பருப்பு யாருக்காக என்பது அந்த நிமிடம்தான் ரஹமத் பீவிக்குப் புரிந்தது. அந்த வீட்டுச் சமையல்கட்டின் மத்தியில், கையில் காலித் தட்டோடு நின்று அழுதாள். சம்பந்தியம்மாள் மகளைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்துத் தேற்றினாள்.

ஊர் திரும்பியதும் கணவனுக்குச் சோறு போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்ப் போசியை எடுத்துவந்து, நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடியருகே இழுத்து வைத்துக்கொண்டு தின்றாள். ஷுக்கூர் வாசற்படியில் நின்று பார்த்தார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு அவர் பார்த்ததில்லை. அவளுக்கு நெஞ்சு எரியவில்லை. முதல் வாய் சுட்டது, இரண்டாம் வாயில் வெதுவெதுப்பு, போசியை வழித்தபோது பாத்திரம் கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்திருந்தது. ஷுக்கூர் ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் தட்டும் அவள் தட்டும் ஒரே நேரத்தில் விழுந்தன.

அடுத்த வாரமே அவள் மறுபடி ஓசூருக்கு பஸ் ஏறினாள். சம்பந்தியம்மாளிடம் அனுமதி கேட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். எந்த வகுப்புக்கும் போனவளல்ல, ஆனால் மனதில் யாரை நிறுத்துவது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. பாசிப்பருப்பு, பூண்டு, சீரகம், ஒரு சொட்டு நெய்.

"அத சாப்புட்டுட்டேன் வஹிதா" என்றாள், கடைந்துகொண்டே.

வஹிதா பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரலில் கேட்டாள். "புளி இல்லாம நல்லாருந்துச்சாமா?"

"நல்லாருந்துச்சுடி. இந்தா, உனக்குச் செஞ்சது. உக்காரு."

"வைமா. கடையிலருந்து அவங்கெல்லாம் வந்துரட்டும். அப்பறம் சாப்புட்டுக்கறேன்."

அது கோபமா, பழக்கமா என்று ரஹமத் பீவிக்கு விளங்கவில்லை. கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், வஹிதா சிரித்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்தக் கடைசல் ஓசூர்ச் சமையல்கட்டில் ஜன்னலோரம் இருக்கிறது. அந்த வீட்டாரும் முதலில் இரண்டு நாள் அதிசயப்பட்டார்கள், பிறகு அதன் மேல் பப்படம் காயவைக்க ஆரம்பித்தார்கள். ரஹமத் பீவி மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிறாள். போனதும் யாரிடமும் நலம்கூட விசாரிக்காமல் உள்ளே போய் அந்தப் பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். ஒரு தடவையாவது சில்லென்று இருந்துவிடாதா என்றுதான். சுட்ட கையை முந்தானையில் ஒற்றிக்கொண்டு, பிறகு மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாள்.