வெள்ளிக்கிழமை ஆட்டம்

கல்யாணமான கையோடு ஃபாஜில் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டான். மனைவி மர்யத்திடம் போனில் அவன் பேசுவது சாப்பிட்டியா, அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தியா என்பதோடு சரி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் மட்டும் அறைத் தோழர்களோடு மணிக்கணக்கில் சண்டை கேம் ஆடுவான். கல்யாணத்துக்கு லீவில் வந்தபோது ஊரில், ராஜகிரி வீட்டிலும் ஒரு பிளேஸ்டேஷனை விட்டுப்போயிருந்தான். இப்படியே போனால் இந்த மனுஷனின் குரலே மறந்துவிடும் என்று பயந்த மர்யம், தனக்கும் அதைக் கற்றுத்தரச் சொன்னாள். அவன் சிரித்தான், பிறகு ஒத்துக்கொண்டான்.

இன்டர்நெட்டில், காதில் ஹெட்செட்டோடு ஆடினார்கள். பொத்தானைத் தட்டினால் போதும் என்று நினைத்திருந்தாள். அப்படி இல்லை. வீரர்களே நாற்பது பேருக்கு மேல்; ஒவ்வொருவனின் அடிகளுக்கும் கணக்கில்லை. கீழே வரும் அடியைக் குனிந்து தடுக்க வேண்டும், மேலே வருவதை நின்று தடுக்க வேண்டும். எது வருகிறது என்று புரிவதற்குள் அவளுடைய ஆள் தரையில் கிடப்பான். கட்டைவிரல் கொப்பளித்தது. மாமியார் சைத்தூன் பீவி பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள். மர்யம் விடவில்லை. கை வேலையாக இருக்கும்போது ஃபாஜில் பேசினான். அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம்.

கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத வருஷம் அது. ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய வீரன் அசையாமல் நின்றான். மர்யம் அடித்தாள், அவன் தடுக்கவில்லை.

"தடுங்க மச்சான்," என்றாள்.

"வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு மர்யம். வீட்ல யாருக்கும் சொல்லல. எங்கயும் இருக்கப் பிடிக்கல."

அவள் வாய் திறப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

போன் செய்தாள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி மறுபடி அடித்தாள். அவனோடு தங்கியிருக்கும் நெய்னா முகம்மதின் வீடு அடுத்த தெரு. செருப்புகூடப் போடாமல் ஓடி, நெய்னாவின் மனைவியிடம் அவன் நம்பர் வாங்கி அழைத்தாள். கடைக்குப் போயிருந்த நெய்னா போனை வைக்காமலே அறைக்கு ஓடினான். படியேறும் சத்தம் கேட்டது. கதவு உள்ளே தாழிட்டிருப்பதாகச் சொன்னான். உடைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். மரம் பிளக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினாள்.

"இருக்கான்மா. கட்டில்ல உக்காந்திருக்கான்," என்றான் நெய்னா, மூச்சிரைக்க.

போன் கைமாறியது.

"பொறப்பட்டு வாங்க," என்றாள்.

"வெறுங்கையோட எப்படி வர்றது?"

"வாங்க மச்சான். நான் வேற எதுவும் கேக்கல."

டிக்கெட் போட்டு விமானம் ஏற்றும்வரை நெய்னா அவனைத் தனியாக விடவில்லை. திருச்சியில் இறங்கி வந்த மகனை சைத்தூன் பீவி ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டாள். முதல் சில நாட்கள் அவன் தூங்கிக்கொண்டே இருந்தான். மர்யம் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பாபநாசத்தில் ஒரு மொபைல் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், வீடு திரும்ப ஐந்து நிமிஷம் தாமதமானால் அவள் வாசலுக்கு வந்துவிடுவாள்.