எலிக்கு வலித்தால்

அந்த ஆய்வகத்தில் வலி என்று ஒன்று இருந்தால் அது எலிக்குத்தான் இருக்க வேண்டும். மனிதர்களுக்கு வந்தால் அதற்குப் பெயர் சோம்பல்.

எலிகளைப் பார்த்துக்கொண்ட ஆய்வாளருக்கு அங்கே 'எலிக்காரி' என்று பட்டப்பெயர். அவள் அம்மாவோ, மகள் கஞ்சாவை வைத்துப் பிழைக்கிறாள் என்று வெளியே சொல்ல வாய் வராமல், "ஏதோ மூலிகை ஆராய்ச்சி" என்று சொந்தக்காரர்களிடம் பூசி மெழுகிக்கொண்டிருந்தாள். ஆராய்ச்சியில் ஒளிக்க ஒன்றும் இல்லை. கருப்பைக்குள் இருக்க வேண்டிய திசு வயிற்றில் கண்ட இடத்தில் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் உயிரை வாங்கும் நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். பெண் எலிகளுக்கு அந்த நோயை வரவழைத்து, கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்தைப் பாதி எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, வலி குறைகிறதா என்று பார்ப்பார்கள். மெல்லிய நைலான் இழையால் அவள் எலியின் வயிற்றைத் தொடுவாள். வெடுக்கென்று விலகினால் வலி. மருந்து ஏறிய எலிகள் பெரும்பாலும் பேசாமல் இருந்தன. "நிஜமாவே வலிக்குதா, இல்ல மனசுல ஏதாவது கவலையா?" என்று எந்த எலியையும் யாரும் கேட்டதில்லை.

அவளைக் கேட்டிருக்கிறார்கள். அதே நோய் அவளுக்கும் இருந்தது. கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர். பண்ணினாள். குழந்தை பெற்றால் சரியாகிவிடும் என்றார் அடுத்தவர், ஏதோ மருந்துக்கடையில் குழந்தை கிடைப்பதுபோல. கடைசியாகப் போன பெண் டாக்டர்தான் ஸ்கேனை ஒழுங்காகப் பார்த்தார். குடலும் கருப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன, இன்னும் தள்ளிப்போட்டால் குடலையே வெட்ட வேண்டிவரும் என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமை ஆபரேஷன் என்றார்.

அதற்கு ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர் லீவு தர வேண்டும்.

"என்னம்மா இது, எல்லாப் பொண்ணுங்களுக்கும் மாசாமாசம் வர்றதுதானே? எங்க வீட்ல ஒரு நாள்கூட இதுக்குன்னு படுத்ததில்ல, தெரியுமா?"

அதைப் பார்க்க நீங்கள் எப்போது வீட்டில் இருந்தீர்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

"இது வேற சார். நாம எலிக்கு வரவைக்கிறோமே, அதே வியாதி."

"அப்போ இந்த ஆராய்ச்சியில உனக்குத் தனி ஈடுபாடே இருக்கணுமே! இந்த நேரத்துல எப்படிம்மா விடுறது? கமிட்டி வேற வருது. ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்ப்போம்."

கமிட்டி வந்தது. விலங்குகளை வதைக்காமல் ஆராய்ச்சி நடக்கிறதா என்று பார்க்கிற கமிட்டி. இளகிய மனசுக்காரர்கள். மருந்து கிடைக்காத எலிகள் படும் பாட்டைக் கேட்டு அவர்கள் உருகிய உருக்கத்தில், மேசையிலிருந்த பிஸ்கட் தட்டு காலியாகிக்கொண்டே வந்தது.

"பாவம், வாயில்லா ஜீவன்," என்றார் தலைவர், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

"தாங்க முடியாத வலின்னு எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார் கமிட்டியிலிருந்த கால்நடை டாக்டர்.

பேராசிரியர் எலியைத் தொட்டே வருஷக்கணக்காகியிருந்தது. அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

அவள் எழுந்தாள். காலையிலேயே வலி ஆரம்பித்திருந்தது. போட்ட மாத்திரை போன இடம் தெரியவில்லை.

"முதல்ல கண்ணு பாதி மூடிக்கும் சார். கன்னம் ஒட்டிப்போகும். அப்புறம் முதுகைக் கூனிக்கிட்டு..."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. யாரோ அடிவயிற்றைப் பிடித்து ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்தார்கள். மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். கண்கள் சுருங்கின, முதுகு வளைந்தது, மூச்சு குட்டிக் குட்டியாக வந்தது.

கால்நடை டாக்டர் கை தட்டினார்.

"பிரமாதம்! அச்சு அசல் எலியேதான்!"

மற்றவர்களும் தட்டினார்கள். பெற்ற பிள்ளை பள்ளிக்கூட நாடகத்தில் பரிசு வாங்கியதுபோலப் பேராசிரியருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"நான் நடிக்கல சார்," என்றாள் அவள். அதற்கு இன்னும் பலத்த சிரிப்பு.

"இந்த மாதிரி ஒரு எலி கஷ்டப்பட்டா, அன்னைக்கே ஆராய்ச்சியிலருந்து வெளிய எடுத்து வைத்தியம் பார்த்துடணும். விதியிலயே சேர்த்துடலாம். சம்மதமா?" என்றார் தலைவர்.

"இதுல கேக்கணுமா சார்? ஒரு உயிர் துடிக்கிறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?" என்றார் பேராசிரியர்.

"அப்போ நானும் இன்னைக்கே வெளிய போறேன் சார். எனக்கு ஆபரேஷன் இருக்கு," என்றாள்.

"அது எலிக்குத்தானேம்மா," என்றார் பேராசிரியர், அன்பாகவே. தான் சொன்னது தன் காதிலேயே விழாத மனிதர்.

படித்த தலைகளுக்கு அந்த அறையில் குறைவில்லை. ஒன்றுகூட நிமிரவில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, இவர்களிடமா இத்தனை நாள் கெஞ்சினோம் என்று. வெள்ளைக் கோட்டைக் கழற்றி பிஸ்கட் தட்டின் மேலேயே போட்டுவிட்டு நடந்தாள். வேலை போனால் போகட்டும்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. குடல் தப்பியது. அடுத்த மாதவிடாய் நெருங்கியபோது வட்டிக்காரனை எதிர்பார்ப்பதுபோலப் பயந்துகொண்டு படுத்திருந்தாள். அது வந்தது. லேசாக இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். எழுந்து தானே காப்பி போட்டுக் குடித்தாள். எல்லாருக்கும் மாதம் இப்படியா போகிறது என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் போன் செய்தார். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

"கமிட்டி உன்னை மறக்கவே இல்லம்மா. எலியோட வலியை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு எல்லா லேபுக்கும் அனுப்ப வீடியோ எடுக்கணுமாம். நீதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. வேலையும் உனக்கு அப்படியே இருக்கு. அன்னைக்கு செஞ்சியே, அதையே இன்னும் ஒரே ஒரு தடவை..."

"மன்னிச்சுக்கோங்க சார்," என்றாள் அவள். "எனக்கு நடிக்கத் தெரியாது."