மெக்கானிக்கின் பாஸ்வேர்ட்

லேப்டாப்பில் லினக்ஸ் ஏறிவிட்டது. திரை பளிச்சென்று இருந்தது, வைஃபை பிடித்தது, கீபோர்டு சொன்ன பேச்சைக் கேட்டது. சத்தம் மட்டும் வரவில்லை.

எனக்குச் சத்தம்தான் பிழைப்பு. யார் யாரோ கூட்டங்களில் பேசியதைக் கேட்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்தி, எழுத்தாக அடித்துக் கொடுக்கிற வேலை. நாள் முழுக்கக் காதுக்குள் ஊரே பேசும். ஹெட்போனைக் கழற்றினால் ஃபிரிட்ஜ் மட்டும் பேசும். கணவரைப் பிரிந்து வந்த பிறகு இந்த வீட்டில் என்னிடம் பேசுகிறவர்கள் எல்லாரும், நான் இருப்பதே தெரியாதவர்கள்.

பழைய சிஸ்டம் உள்ள லேப்டாப்பை இனி எங்கள் தளத்துக்குள் விடமாட்டோம், திங்கட்கிழமைக்குள் மாற்றவில்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். என்னுடையதோ போனில் இருக்கிற ஆர்ம் சிப்பைப் போட்டுச் செய்த பழைய மெல்லிசு மாடல். செய்த கம்பெனியே அதை எப்போதோ கைகழுவிவிட்டது. புதுசு வாங்கிக்கொள் என்றாள் அக்கா, என்னமோ அரைக்கிலோ வெங்காயம் வாங்குகிற மாதிரி. போடி என்று போனை வைத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் சிஸ்டத்தை நானே போட உட்கார்ந்தேன்.

இணையத்தில் இந்த மாடலுக்கென்றே ஒரு புண்ணியவான் வழிமுறை எழுதி வைத்திருந்தார். 'ஆந்தை' என்று புனைபெயர். முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தார்: பழைய சிஸ்டத்தை அழிப்பதற்கு முன் அதிலிருந்து ஒரு சின்னக் கோப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சிப்பின் சவுண்ட் பகுதியை எழுப்புவது அதுதான், வேறு மாடலின் கோப்பு இதற்குச் சேராது. படித்தேன். படிக்காமல் இல்லை. ஆனால் பழையதை வைத்துக்கொள்ளவா, முழுவதும் அழிக்கவா என்று திரை கேட்டபோது அதில் கணவர் பெயரில் இருந்த ஃபோல்டர் ஞாபகம் வந்தது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. ஒழியட்டும் என்று அமுக்கினேன். அந்தக் கோப்பும் சேர்ந்து ஒழிந்தது.

ஆந்தையிடம் கேட்டேன். கம்பெனி தன் தளத்திலிருந்தே அதைத் தூக்கிவிட்டதாம். இதே மாடல் வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தில் யாராவது உண்டா என்று விசாரித்தார். இருக்கிறார். ஒரே நாளில், ஒரே கடையில், ஜோடியாக வாங்கியது. இனி அவரிடம் ஒரு உதவிக்கும் போய் நிற்க மாட்டேன் என்று அக்காவிடம் வீராப்பாகச் சொன்னதும் இதே வாய்தான். திங்கட்கிழமையை நினைத்து, உங்கள் லேப்டாப் இன்னும் இருக்கிறதா என்று ஒரு மெசேஜ் போட்டேன். 'இருக்கு, வா' என்று பதில் வந்தது. அந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலை போனபோது கடையில் யாரும் இல்லை. சுவர் முழுக்கக் கண்ணில்லாத ஃபிரேம்கள். கொஞ்சம் இளைத்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது, முழுங்கினேன். அவர் உட்காரச் சொல்லி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார், கஸ்டமருக்குப் போடுகிற மாதிரியே.

லேப்டாப்பைத் திறந்தார். மூலையில் விழுந்திருந்த கீறல்கூட அப்படியே இருந்தது. திறந்த கையோடு நடுவில் ஒரு பெட்டி எழும்பியது. 'தொடர மெக்கானிக்கின் பாஸ்வேர்ட் தேவை.' பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் படம்.

மெக்கானிக் நான்தான். வீட்டில் எது பழுதானாலும் நானே கழற்றிப் போடுவேன் என்பதால் அவர் வைத்த பெயர். இரண்டு லேப்டாப்பையும் அமைத்தது நான், அதிகாரமெல்லாம் என் கணக்கில்தான் வைத்திருந்தேன். அவர் 'இல்லை' என்பதை அமுக்கி, பெட்டியை மறையவைத்தார். கை பழகியிருந்தது.

"இது தினமும் வருதா?"

"காலைல கடை திறந்ததும் வரும். இல்லைன்னு அமுக்கிட்டு வேலையப் பாப்பேன்."

"இத்தனை வருஷமாவா? ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

"வேற எதுக்கும் கூப்பிடாம, இதுக்கு மட்டும் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வந்திருப்பதே இதுக்கு மட்டும்தானே. அவர் குத்திச் சொல்லவில்லை, அவருக்கு அது வராது. அதனால் இன்னும் வலித்தது. தலையைக் குனிந்து கோப்பைத் தேடிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே. பழுதைப் பார்த்துவிட்டு விட்டுப் போக எனக்கு வராது. பெற்ற உதவிக்கு ஏதாவது செய்துவிட்டுப் போகலாம் என்றும் தோன்றியது. என் பாஸ்வேர்டை அடித்து உள்ளே போனேன், விரலுக்கு மறக்கவில்லை. அவர் கணக்குக்கு எல்லா அதிகாரத்தையும் கொடுத்தேன். என் கணக்கை அதிலிருந்து நீக்கினேன்.

"இனிமே இது உங்களைக் கேக்காது," என்றேன்.

அவர் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேக்காதா?"

"கேக்காது. சரி பண்ணிட்டேன்."

சரி என்பதுபோல் தலையாட்டினார். அந்த லென்ஸையே திரும்பத் துடைத்தார். வாசல் வரை வந்தார். போய் வருகிறேன் என்றேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து கோப்பை அதன் இடத்தில் போட்டு, லேப்டாப்பை அணைத்து எழுப்பினேன். ஹெட்போனுக்குள் யாரோ ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் வணக்கம் என்றார். வேலை பிழைத்தது. சத்தம் வந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, அவர் பெயரைத் தேடினேன்.

அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அவர் என் பெயரைப் பார்த்திருக்கிறார். கடைத்தெருவில் இதைச் சரிசெய்யத் தெரிந்த ஆளா இல்லை? ஒருவரிடமும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். பழுது என்று நினைத்து அதை நான் துடைத்துவிட்டு வந்திருக்கிறேன். கேக்காதா என்று அவர் கேட்டது காதில் விழத்தான் செய்தது. ஊரான் பேச்சையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறவள், அந்த ஒரு வார்த்தையை நிறுத்திக் கேட்கவில்லை.

ஹெட்போனில் அந்த ஆள் பேசிக்கொண்டே இருந்தார். பெடலை மிதித்தேன். நின்றது. நாளைக் காலை அவர் கடையைத் திறப்பார், லேப்டாப்பைத் திறப்பார், ஒன்றும் கேட்காது.