இருபதாவது அடியில் ஓர் அடைப்பு

பிளம்பர் என்றால் அவரைப் போல் உண்டா என்று மற்றவர்கள் சொன்னார்களோ இல்லையோ, அவரே சொல்லிக்கொள்வார். தான் போட்ட குழாய் அடைத்ததாகச் சரித்திரமே கிடையாது என்பார். ஆள் தங்கமானவர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அப்பேர்ப்பட்டவர் கட்டிய மனைவிக்காகப் போட்டுக்கொடுத்த குழாய்தான் அடைத்துக்கொண்டது.

மனைவி ஒன்பது வருஷம் யாரோ நடத்திய காப்பகத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள். இப்போது வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை மாற்றி, சொந்தமாகப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் தொடங்கப் போகிறாள். முழங்கால் உயரத்தில் மூன்று கழிப்பறைப் பீங்கான்கள், எம்பாமல் கை கழுவ இரண்டு குட்டி வாஷ்பேசின்கள், தரையெல்லாம் மஞ்சள் டைல்ஸ். திங்கட்கிழமை முதல் பதினோரு தாய்மார்கள் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அதெல்லாம் நடக்கும். புதன்கிழமை காலையில் முதன்முதலாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். இறங்கவில்லை. இரண்டாவது வாளிக்கு மூன்று பீங்கான்களும் சேர்ந்து தளும்பி நின்றன.

பிளம்பருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கொத்தனார்தான் கலவையை உள்ளே விட்டிருப்பான் என்று ஆரம்பித்தவர், அவன் பிறந்த நேரத்திலிருந்து இழுத்து வைத்துத் திட்டினார். கம்பியை விட்டுக் குத்தினார், ரப்பர் பம்பை வைத்து அமுக்கினார், இரண்டு நாள் முழங்கைவரை தண்ணீரிலேயே கிடந்தார். மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கே ஒரு மணி நேரம் பேசுகிறவள் வாய் மூடிக் கிடந்தது அவருக்குக் கலக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவரிடம் கேட்காமலே அவள் தன் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள். தம்பி அடைப்பெடுக்கும் வண்டி வைத்திருக்கிறான். வண்டியின் முதுகில் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் பம்பு, உருளையில் சுற்றிய நீள ஹோஸ். அதன் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்பு முனை. முனையின் பின்துளைகளிலிருந்து பீறிடும் தண்ணீரே ஹோஸைக் குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். ‘தண்ணி பீச்சுறதெல்லாம் ஒரு தொழிலா’ என்று ஓர் உறவுக்காரர் வீட்டில் நாலு பேர் முன்னால் பிளம்பர் கேட்டு வைத்ததிலிருந்து, அவன் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது ஆயிற்று ஒரு வருஷம்.

வந்தவன் மாமாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். வெளிச்சுவரை ஒட்டிய கழிவுநீர்ச் சேம்பரின் மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, அங்கிருந்து வீட்டுப் பக்கமாகக் குழாய்க்குள் ஹோஸை விட்டான். முதலில் அழுத்தம் இல்லாமல் கையால் தள்ளி, அடைப்பு எத்தனை அடியில் இருக்கிறது என்று வாய்விட்டு எண்ணுவது அவன் வழக்கம். பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்றான். ஹோஸ் அதற்கு மேல் போகவில்லை.

இருபது என்று காதில் விழுந்ததும் பிளம்பர் கண்ணாலேயே தூரத்தை அளந்தார். இருபதாவது அடி என்றால் நடுச்சுவர். தரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று அந்த இடத்தில்தான் குழாயின் வாய் திறந்து கிடந்தது. கலவை உள்ளே விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு கோணியைச் சுருட்டித் திணித்தார். திணித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எடுத்தது? மறுநாள் மழை, அதற்கு அடுத்த நாள் வேறொரு வேலை. திரும்பி வந்த அவசரத்தில் அடுத்த குழாயை ஒட்டி, மண் போட்டு மூடி, மேலே டைல்ஸும் பதித்தாயிற்று. எடுத்ததாக ஞாபகமே இல்லை. அடப்பாவி மனுஷா, அந்தக் கொத்தனாரைத் திட்டிய திட்டு என்ன!

சொல்லாமல் விடவும் வழியில்லை. உள்ளே இருப்பது இறுகிப்போன கலவை என்று நினைத்து அவன் உடைக்கிற முனையை மாட்டி அழுத்தத்தை ஏற்றினால், தரைக்கு அடியில் குழாயின் ஒட்டு விட்டுப்போகும். அப்புறம் மஞ்சள் டைல்ஸ் அத்தனையையும் பெயர்க்க வேண்டியதுதான். ஆய்வாளர், பதினோரு தாய்மார்கள், திங்கட்கிழமை, எல்லாம் கோவிந்தா. சொன்னாலோ மானம் போகும், அதுவும் போயும் போயும் இவனிடம். அவர் மைத்துனன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“மாப்ளே, உள்ள இருக்கறது கலவையா இருக்காது. துணி மாதிரி ஏதாவது...”

மைத்துனன் நிமிர்ந்து பார்த்தான்.

“தெரியும் மாமா. உடைக்கிற முனைய நான் மாட்டவே இல்ல. இது நடுவுல துளைச்சுட்டுப் போகும், திரும்பி வரும்போது இழுத்துட்டு வரும்.”

எப்படித் தெரியும் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பம்பு அலறத் தொடங்கியது. ஹோஸ் உதறிக்கொண்டு கிடந்தது, முன்னால் போகாமல் முரண்டு பிடித்தது, பிறகு சட்டென்று இரண்டடி உள்ளே வாங்கியது. மைத்துனன் அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக அதைப் பின்னால் இழுத்தான். சேம்பரில் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது. அடுத்து கோணி தொப்பென்று வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே மூன்று நாள் தேங்கிய தண்ணீர் அத்தனையும் மடமடவென்று இறங்கியது. வீட்டுக்குள் மூன்று குட்டிப் பீங்கான்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொப்பளித்து ஓய்ந்தன. அந்தச் சத்தம் பிளம்பருக்கு வயிற்றில் பாலை வார்த்தது.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். மைத்துனன் கோணியைத் தூக்கி வாளிக்குள் போட்டு, அதன் மேல் கையுறையைக் கழற்றி எறிந்தான். வேறொன்றுமில்லை அக்கா, மர வேர் உள்ளே புகுந்திருக்கிறது என்றான். கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு மரம் என்று ஒன்று கிடையாது. பிளம்பருக்கு நெஞ்சு இளகிவிட்டது. ஊர் முன்னால் அவமானப்படுத்திய மாமனின் மானத்தை இப்படிக் காப்பாற்றுகிறானே, இவனைப் போய் என்னவெல்லாம் பேசினோம் என்று நொந்துகொண்டார்.

அவர் சும்மா இருந்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மனைவி வேரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்த பார்வை அது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அது அவருக்குத் தாங்கவில்லை.

“வேரும் இல்ல, ஒண்ணும் இல்ல. கோணி. நான்தான் திணிச்சேன், நான்தான் எடுக்க மறந்தேன். கொத்தனார் மேல தப்பே இல்ல.”

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

“அன்னிக்கு என்கிட்ட சொன்னீங்க இல்ல? ஒட்டறதுக்கு முன்னால கோணிய எடுக்கணும், ஞாபகப்படுத்துன்னு ரெண்டு தடவ சொன்னீங்க. நான் மறந்துட்டேன். முதல் வாளி ஊத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கொத்தனார அப்படித் திட்டினீங்களே, அதுக்கப்புறம் நான் எப்படிங்க வாயத் திறப்பேன்?”

அப்படிச் சொன்னதே அவருக்கு ஞாபகம் இல்லை. காலையில் போனிலேயே அவள் தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். உள்ளே இருப்பது கோணி, உடைக்கிற முனையைப் போடாதே, வெளியே வந்தால் மாமாவிடம் வேர் என்று சொல்லிவிடு என்று கெஞ்சியிருக்கிறாள்.

மைத்துனன் ஹோஸைச் சுற்றிக்கொண்டே, “அக்காவுக்காகத்தான் பொய் சொன்னேன் மாமா. அதுலயே நீங்களும் ஒளிஞ்சுக்குவீங்கன்னு நான் கண்டேனா?” என்றான்.

பிளம்பருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு நாளாக அவர் குழாயைக் குடைந்துகொண்டிருந்தபோது, அவர் வாய்க்குப் பயந்து ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். ஈரக் கையோடு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இனிமேல் எதுவானாலும் சொல்லிவிடு, நான் கத்தினாலும் சொல்லிவிடு என்றார். கத்தாமல் இருக்கிறேன் என்று சொல்ல அவருக்கே தைரியம் வரவில்லை.

மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்தார். மூன்று பீங்கான்களிலும் தண்ணீரைத் திறந்துவிட்டு, காது கொடுத்துக் கேட்டார். தண்ணீர் ஓடுகிற வாட்டம் நன்றாக இருக்கிறதே, குழாய் வேலை யார் என்று கேட்டார். மனைவி நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

“போட்டது நான்தான் சார். அடைச்சதும் நான்தான். சரி பண்ணிக் கொடுத்தது என் மாப்ளே.”

ஆய்வாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஓர் அதிகாரி முன்னால் நிற்கிறோம் என்பதையே மறந்து மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் ஆய்வாளர் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.