நான்கு வரி இடம்

1

இந்தக் கதை என்னிடம் இரண்டு பழைய தாள்களாக வந்தது. 1942இல் அருப்புக்கோட்டையில் சாலமோன் தன் அச்சகத்தில் அடித்தவை. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம். அந்த இடைவெளியில்தான் ஊரின் முதல் வாரப் பத்திரிகை பிறந்தது. என் தலைவலியும் அங்கேதான் பிறந்தது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கரிசலில் அனல் பறந்த ஒரு மதியம்..." வேண்டாம். அங்கே எந்த மதியம் அனல் பறக்கவில்லை?

2

ரங்கூனில் குண்டு விழுந்ததும் நம் ஆட்கள் நடந்தே தப்பினார்கள். முதலில் ஊர் சேர்ந்த வியாபாரி ஐயாத்துரை, கல்கத்தா முகாமில் உயிரோடு பார்த்த நாற்பது பேரின் பெயர்களை எழுதி வந்தார். அச்சடித்து ஊர் ஊராக ஒட்டலாம் என்றார் சாலமோன்.

அவர் அதுவரை அடித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகை. உச்சியில் சாமி படம் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. பட்டியலில் இரண்டு மதத்தாரும் இருந்ததால் உச்சியில் இடப்பக்கம் பிள்ளையார், வலப்பக்கம் சிலுவை; நாலு வரி இடம் அதற்கே போனது. யுத்த காலத்துக் காகிதம், சின்னது. முப்பத்தாறு பெயரோடு தாள் முடிந்தது. மீதி நாலு பேரை அடுத்த சனிக்கிழமை போடலாம் என்று விட்டுவிட்டார். (அதைத் தாளில் சொல்லவும் இடமில்லை.)

3

தாளில் இல்லாதவன் செத்தவன் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பாலவனத்தத்தில் சந்தனம்மாளின் கொழுந்தன் இரண்டு முறை படித்துப் பார்த்தான். அண்ணன் தங்கசாமி பெயர் இல்லை. வியாழக்கிழமை அவள் தாலியை இறக்கினார்கள்.

சனிக்கிழமைத் தாளில் முதல் பெயர் தங்கசாமி.

[இங்கே, புதன்கிழமையே சாலமோனைச் சைக்கிளில் பாலவனத்தத்துக்கு அனுப்பி ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். அவருக்குத்தான் எதுவும் தெரியாதே, எதற்குப் போவார்?]

4

திங்கட்கிழமை சந்தனம்மாள் வெறுங்கழுத்தோடு அச்சகத்துக்கு வந்தாள். இரண்டு தாளையும் மேசையில் விரித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படங்கள் தெரிந்தன.

"சாமி படத்த எடுத்துட்டு இவுக பேரப் போட்டிருந்தா, சாமி கோவிச்சிருக்குமாய்யா?"

சாலமோன் என்ன சொன்னார்? கூட இருந்த அவர் மகள் ஞானப்பூ, அப்பா அழுதார் என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள், "அப்பா வாயே தெறக்கல. எழுத்துக் கோக்கப் போயிட்டாக" என்றார். நான் இரண்டையும் நம்புகிறேன், அதுதான் தொல்லை. தங்கசாமி திரும்பி வந்தது நிச்சயம். மறுபடி தாலி கட்டினாரா என்பதற்கும் என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன.

5

மூன்றாவது இதழில் சாமி படங்கள் இல்லை. அந்த இடத்தில் வேறு எதுவும் இல்லை. காகிதத்துக்கு அலைந்த காலத்திலும், பத்திரிகை நிற்கும்வரை, வாராவாரம் உச்சியில் நான்கு வரியை அவர் வெறுமையாகவே விட்டார்.

அவள் கேள்விக்குப் பதில் எழுத ஆறு முறை உட்கார்ந்தேன். எனக்கு வரவில்லை. அவள் இன்னும் மேசை முன்னால்தான் நிற்கிறாள். இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

சாலமோன் சொன்னார்:

..............................

..............................

..............................

..............................