சத்தம் குறைந்த கீபோர்ட்

சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் என் கணவர் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். யாரோ கீபோர்டைத் தட்டும் சத்தத்தை வீடியோவில் கேட்கிறாராம். விசைக்கு அடியில் இருக்கும் ஸ்விட்சுகளுக்கு நிறத்தை வைத்துத்தான் பெயர். போனை என்னிடமும் நீட்டினார்.

"இது சிவப்பு. இது பழுப்பு. வித்தியாசம் தெரியுதா?"

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. "பழுப்பு கொஞ்சம் அழுத்தமா இருக்கு" என்று சொல்லிவைத்தேன். மனிதரின் முகம் மலர்ந்துபோனது. கல்யாணமான புதிதில்கூட என் பேச்சுக்கு அது அப்படி மலர்ந்ததில்லை.

சலவை இயந்திரக் கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் புகார்களுக்கு வீட்டிலிருந்தே தட்டச்சில் பதில் சொல்வது அவர் வேலை. 'தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை வருந்துவார். என் தம்பி அவருக்கு 'வருந்துகிறோம்' என்றே பெயர் வைத்துவிட்டான். பழைய கீபோர்டில் அவர் வருந்தினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற என்னிடம், மீட்டிங்கில் இருப்பவர்கள் "உங்க பக்கம் மழையா?" என்று விசாரிப்பார்கள். நான் கத்தின கத்தலில்தான் புதியது வாங்கச் சம்மதித்தார். ஆனால் மெக்கானிக்கல்தான் வேண்டும், அழுத்தினால் விரலுக்குத் தெரிய வேண்டும். மணிக்கட்டு வலிப்பதால் உயரம் குறைவாகத் தட்டையாக இருக்க வேண்டும். ஒயர் கூடாது, பழைய ஒயர் காபியைக் கவிழ்த்திருக்கிறது. இத்தனைக்கும் மேல் விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இவ்வளவு நிபந்தனையோடு பெண் தேடியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அதே மாதத்தில்தான் வேறு ஊரில் இருக்கும் என் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் முதன்மைக் கணக்காளர் வேலைக்கு என் பேர் அடிபட்டது. கிடைத்தால் வாரக் கடைசியில் மட்டும்தான் வீடு. சொன்னபோது, "தாராளமா போ. நான் குறுக்க நிப்பேனா?" என்றார். சொல்லிவிட்டு வீடியோவுக்குத் திரும்பிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தட்டைக் கீபோர்டுக்காக மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர், எனக்காக ஒரு வார்த்தை 'யோசி' என்று சொல்லக் கூடாதா? சொன்னால் போகாமல் இருந்துவிடுவேன் என்றில்லை. சொல்லிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

கடைசியில் பழுப்பு வந்து சேர்ந்தது. அவருடைய ஆபீஸ் கணினியில் புதுப் பொருள் எதையும் இணைக்க அனுமதி வாங்க வேண்டுமாம், அதனால் முதலில் என்னுடையதில் இணைத்துப் பார்த்தார். அனுமதி வந்ததும் அவருடையதிலும் இணைத்தார். மேல் வரிசையில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு கணினியை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொள்ளுமாம். "ஒண்ணு நீ, ரெண்டு நான்" என்று விளக்கினார். அரைக் காதில் கேட்டுத் தலையாட்டினேன்.

அந்த வேலைக்கான வீடியோ மீட்டிங் அன்று அவரையும் கீபோர்டையும் படுக்கையறைக்கு நாடு கடத்தினேன். என் திரையில் இருந்த பட்ஜெட் அட்டவணையைப் பொது மேலாளரும் இரண்டு இயக்குநர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. நல்ல பொருள்தான் வாங்கியிருக்கிறார் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். 'இதர செலவுகள்' வரிக்கு நான் வந்தபோது, அந்தக் கட்டத்தில் எழுத்துகள் தானாக முளைத்தன.

தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.

"பரவாயில்லம்மா, சிரமம் ஒண்ணும் இல்ல" என்றார் பொது மேலாளர்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உள்ளே என் கணவரின் விரல் ஒன்றாம் எண் பொத்தானில் பட்டிருக்கிறது. தலைப்புகளைத் தமிழில் அடித்துக்கொண்டிருந்ததால் என் கணினியும் தமிழில்தான் இருந்தது. அவர் திரையில் எதுவும் வராததால், கீபோர்ட் செத்துவிட்டது என்று நினைத்திருப்பார். அவசரமாக அழித்தேன். மறுபடி வந்தது.

அஆஇஈ. வருதா. வரல.

எழுந்து படுக்கையறைக்கு ஓடலாமா என்று நினைப்பதற்குள் எழுத்து நின்றுபோனது. பிறகு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

போகாதே.

அடுத்த கட்டத்திலும் அதே. அதற்கும் அடுத்த கட்டத்தில்: நீ இல்லாத வீட்ல இந்தச் சத்தத்த யாரு திட்டுவா.

யாரும் படிக்கப்போவதில்லை என்ற தைரியம். ஒரு மாதமாக இதைச் சொல்ல வாய் திறக்காத மனிதர் செத்த கீபோர்டிடம் பேசிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழிக்க மட்டும் கை வரவில்லை.

பொது மேலாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்கு அருகே வந்தார். "இது எந்தச் செலவுல வருதும்மா?"

"தவிர்க்க முடியாத செலவு, சார்."

ஓர் இயக்குநர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். "எவ்வளவு ஆகும்?"

"இன்னும் கணக்குப் போடல, சார்."

படுக்கையறைக் கதவு லேசாகத் திறந்தது. கீபோர்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார் அவர். "இது போயிடுச்சு போல. திருப்பி அனுப்பிடவா?" என்று குரலே வராமல் உதட்டை மட்டும் அசைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். சட்டைப் பொத்தான் ஏதோ ஒரு விசையை அழுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். என் திரையில் ஒரே எழுத்து, கட்டத்தைத் தாண்டி, மூன்று பெரிய மனிதர்களின் கண்ணெதிரே ஓடிக்கொண்டே இருந்தது.