படுக்கையறை வெண்ட்

எங்கள் கட்டடத்தை வாங்கிய புது முதலாளி பழக்கூடையோடு ஆள் அனுப்பினான். இவன் எங்களைக் கிளப்பப் பார்க்கிறான் என்பது எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. "இந்த வயசுல நாலு மாடி ஏறி எறங்குறீங்களே, பணம் தர்றோம், வசதியா வேற எடம் பாத்துக்குங்க" என்றாள் வந்த ஆபீஸ் பெண். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எங்கள் பிராங்க்ஸ் பகுதியில், சட்டப்படி ஏற்ற முடியாத பழைய வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்கள் செத்த பிறகுதான் காலி செய்வார்கள். நானும் அப்படித்தான். கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். பழத்தில் எதைத் தடவியிருக்கிறார்களோ, யார் கண்டது?

அன்று மாலையே படுக்கையறைக் கதவுக்குத் தனியாக ஒரு பூட்டுப் போட்டேன். ஒரு சாவி என் கழுத்துச் சங்கிலியில், இன்னொன்று என் புருஷன் எஃப்ராயினிடம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அல்பேனியாக்காரன் பெஸ்னிக்கிடம் எல்லா வீட்டு வாசல் சாவியும் உண்டு. அடித்தளத்தில் அவன் குடியிருக்கும் வீடே முதலாளி கொடுத்தது. சோறு போடுகிறவனுக்குத்தானே வால் ஆட்டுவான்?

முதல் பனிக்கு, நீராவியால் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாம் நன்றாகத்தான் சீறின. அப்புறம் ஒரு நாள் படுக்கையறை ரேடியேட்டர் மட்டும் செத்துப்போனது. மற்ற அறைகளில் வழக்கம்போல ஜன்னலைத் திறந்துவைக்கிற அளவுக்குச் சூடு. படுக்கையறையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. எஃப்ராயின் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கினான்.

"மிக்டா, இதுல மனுஷன் படுக்க முடியுமா?" என்று தினமும் கேட்டான்.

"அவங்களுக்கு அதான் வேணும். வெறைச்சுச் சாவேனே தவிர எந்திரிச்சுப் போக மாட்டேன்" என்றேன்.

பெஸ்னிக் ஒரு நாள் கதவைத் தட்டி, "டோன்யா மிக்டாலியா, ரேடியேட்டர் ஏதோ சரியில்லையாமே, பாக்கட்டுமா?" என்றான். டோன்யா என்றால் எங்கள் பக்கத்தில் 'அம்மா' என்கிற மரியாதை. யார் சொன்னார்களாம் இவனுக்கு? "உன் மொதலாளி வேவு பாத்துட்டு வரச் சொன்னானா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள் நான். பனியில் டயர் மாற்றியவளுக்கு இது ஒரு வேலையா? முதலில் வால்வைப் பார்த்தேன். நீராவி ரேடியேட்டரில் வால்வை முழுக்கத் திறக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூட வேண்டும். பாதியில் விட்டால் சுத்தியல் அடிப்பதுபோல் குழாய் கத்தும். வால்வு முழுக்கத் திறந்துதான் இருந்தது. அதுவரை குழாய் கொதித்தது, அதைத் தாண்டினால் பச்சைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. அப்படியென்றால் நீராவி வாசல்வரை வருகிறது, உள்ளே இருக்கும் காற்று வெளியேறினால்தானே நுழையும்? மறுமுனையில் கட்டைவிரல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளி நிற வெண்ட்மேல் சந்தேகம் வந்தது. காற்றை வெளியே விடுகிற வேலை அதனுடையது. வால்வை மூடி, ரெஞ்சு போட்டு அதைக் கழற்றினேன். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவென்யூவில் இருக்கும் பிச்சார்டோவின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

பிச்சார்டோ பெயின்டைச் சுரண்டி, அடியில் குத்தியிருந்த எண்ணைப் படித்தார். "மரை பக்கவாட்டுல இருக்கிற ரகம். உங்க ரூம் பாய்லர்லேருந்து தூரமா? அப்ப இதைவிடப் பெரிய நம்பரா போடுங்க அக்கா, காத்து சீக்கிரம் வெளியேறும்."

"பெரிய நம்பர்னா பெரிய வெலையோ?"

"உங்ககிட்ட ஏமாத்திப் பொழைக்க முடியுமா? ஒரே வெலதான். பழசை ஊதிப் பாருங்க."

ஊதினேன். கன்னம் வலித்ததே தவிர காற்று போகவில்லை.

"எல்லாரும் ரேடியேட்டரோட சேத்து இதுக்கும் பெயின்ட் பூசிடுறாங்க, ஓட்டை அடைச்சுக்குது" என்று சொல்லிக்கொண்டே ஊசியால் குத்தினார். நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். "அக்கா, இது பெயின்ட் இல்ல. பல்குத்துற குச்சிய உள்ள விட்டு ஒடைச்சு, மேல பசை வெச்சிருக்கு. யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! நகராட்சிக்குப் புகார் கொடுத்தால் பெஸ்னிக் வேலையும் போகும், குடியிருக்கும் வீடும் போகும். போகட்டும். புது வெண்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அடித்தளத்துக்கு இறங்கினேன். அவன் காபி குடித்துக்கொண்டிருந்தான். பழைய வெண்ட்டை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இதை அடைக்க உனக்கு என்ன குடுத்தான்?"

பெஸ்னிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"இது உங்க படுக்கையறைல இருந்ததா?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"அந்த ரூமுக்கு நீங்க பூட்டுப் போட்டது கட்டடத்துக்கே தெரியும் டோன்யா. நான் எப்படி உள்ள வந்தேன்?"

"பூட்டுக்கு முன்னாடியே செஞ்சிருப்பே."

"அப்ப மொதப் பனிக்கு எப்படிச் சூடு வந்துச்சு? சொல்லுங்க, அந்த ரூமுக்குள்ள யாரெல்லாம் போறாங்க?"

"ஒரு ஈ காக்கா போக முடியாது. நானும் என்..."

என் கை கழுத்துச் சங்கிலியில் இருந்த சாவியைத் தொட்டது. பெஸ்னிக் குனிந்து காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? நாலு மாடியும் ஏறினேன். எஃப்ராயின் தொப்பியோடு கட்டிலில் உட்கார்ந்து, தெற்கே வெகுதூரத்தில் கிஸ்ஸிமியில் இருக்கும் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டான். மரைமேல் வெள்ளை டேப் சுற்றி, புது வெண்ட்டைத் திருகி, அதன் மூக்கு வானம் பார்க்கும்படி நிமிர்த்தி, வால்வைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் அது சீறத் தொடங்கியது. இரும்பு ஒவ்வொரு மடிப்பாகச் சூடேறி வந்தது. அவன் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பழைய வெண்ட்டை அவன் மடியில் போட்டேன். "ஏன்டா?"

மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவே இல்லை.

"என் முட்டி இன்னொரு குளிர் தாங்காது மிக்டா. தங்கச்சி ஊர்ல வெயில் இருக்கு. ரூம் வெறைச்சுப்போச்சுன்னா போகலாம்னு நீயே சொல்லுவேன்னு நெனச்சேன்."

"வாயத் தொறந்து என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே!" கத்திவிட்டேன்.

"சொன்னா என்ன கேப்பே? எவன் உன்னைச் சொல்லச் சொன்னான்னு கேப்பே. கல்யாணம் ஆன நாளா அதைத்தானே கேக்குறே."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவனும் அதைப் பார்த்துவிட்டான்.

"தொண்டையில நிக்குதே, கேட்டுடு" என்றான்.

"அந்த ஆபீஸ்காரி உனக்கு எவ்வளவு குடுத்தா?"

எஃப்ராயின் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுது நான் பார்த்ததில்லை. "ஒண்ணும் குடுக்கல மிக்டா" என்று தொப்பிக்குள்ளிருந்தே சொன்னான். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முட்டியைத் தேய்த்துவிட்டேன். அவன் சொன்னதை நம்பத்தான் பார்க்கிறேன், இன்றுவரைக்கும்.